எபனேசர் வீட்டில் விழுந்த வட்டுகள்

எபனேசர் வீட்டுத் தொலைக்காட்சியிலிருந்து முதல் வட்டு தரையில் விழுந்தபோது கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: பாளையங்கோட்டையில் தெருக்கோடி ஆலயத்து ஆர்கனை வாசிப்பவரான எபனேசர், அவர் மனைவி சாரம்மாள், ஒரே மகள் ஜெமிமா, எபனேசரின் மூத்த அண்ணனும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியருமான சுவிசேஷமுத்து, பார்சலை ஏற்றிவந்து காப்பிக்காக நின்ற ஆட்டோக்காரர் தாஜ் முகம்மது. வேறு யாரும் இல்லை. தாங்களும் அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொன்னவர்கள் பலர். அவர்கள் இல்லை. வட்டு ஆரஞ்சு நிறம், உடன்குடிக் கருப்பட்டி அளவு, தொட்டால் வெதுவெதுப்பு. திரையின் கீழ்விளிம்பில் வழுக்கி வந்து மேசையில் ஒரு தட்டுத் தட்டி, சிமெண்ட் தரையில் உருண்டு, சாரம்மாளின் கால் அருகே சாய்ந்தது. சாயங்கால நேரம். மின்சாரம் சீராக இருந்தது.

பார்சலை அனுப்பியவன் தானியேல், ஜெமிமாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. சொந்த ஊர் சாத்தான்குளம், வேலை பெங்களூரில். தனக்குப் பிடித்த ராக் பாட்டுகளைத் தேடி எடுத்து ஒரே வீடியோ விளையாட்டாகத் தொகுத்து, அதைத் தொலைக்காட்சியில் ஓட்டும் பெட்டியையும் ஒரு பிளாஸ்டிக் கிடாரையும் சேர்த்து அனுப்பியிருந்தான். கிடாருக்குத் தந்தி கிடையாது. கழுத்தில் ஐந்து நிறங்களில் ஐந்து பொத்தான்கள், வயிற்றில் தட்டுவதற்கு ஒரு சிறு கட்டை. திரையில் ஒரு சாலை விரியும். பாட்டு ஓட ஓட அதே ஐந்து நிறங்களில் வட்டுகள் அந்தச் சாலையில் நம்மை நோக்கி வரும். வட்டு விளிம்பைத் தொடுகிற கணத்தில் அதன் நிறத்துப் பொத்தானை அழுத்திக் கட்டையைத் தட்ட வேண்டும். தட்டினால் சுரம் ஒலிக்கும். தவறினால் வட்டு விளிம்பைத் தாண்டி மறைந்துபோகும். நிறையத் தவறினால் திரையில் நிற்கும் கூட்டம் ஊளையிட்டுப் பாட்டையே நிறுத்திவிடும். மாப்பிள்ளை வீட்டுப் பொருளைத் திருப்பி அனுப்புகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. ஆகவே அது கூடத்தில் வைக்கப்பட்டது.

எப்படிப்பட்ட குடும்பம் என்பதையும் சொல்ல வேண்டும். நான்கு தலைமுறையாக அந்த ஆலயத்து ஆர்கனில் இவர்களைத் தவிர வேறொருவர் உட்கார்ந்ததில்லை. முதலில் உட்கார்ந்தவர் எபனேசரின் பாட்டனாரைப் பெற்றவர். ஊரெங்கும் விஷக்காய்ச்சல் கண்ட ஒரு வருஷம், பிழைத்து எழுந்து வந்தவர்களுக்கு ஒரு வரியைப் பாடி முடித்ததும் அடுத்த வரியைப் பிடிக்க மூச்சு இல்லை. அதைக் கண்ட அவர் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கையைத் தூக்கி, கடைசி பெஞ்சில் இருப்பவரும் மூச்சு வாங்கும்வரை காத்திருந்தார். காய்ச்சல் போயிற்று. காத்திருப்பது அப்படியே நிலைத்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்து முதன்முறையாக அங்கே பாடுகிறவர்கள் வரி முடிவில் தனியே ஓடிப்போய் வெட்கப்பட்டு நிற்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்வார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. அந்தக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் தகப்பன் கைபிடித்து அழைத்துவருவதில்லை. பெரியப்பனோ மாமனோ அழைத்துவருவார். தகப்பன் ஆர்கனில் இருப்பார். பிறர் வாசிப்புக்கு நடந்துபோன பெண் அந்த வீட்டில் ஒருத்தியும் இல்லை.

அன்று முதலில் விளையாடியவள் ஜெமிமா. அவளும் சில வட்டுகளைத் தவறவிட்டாள். அவை யாருக்கும் மறைவதுபோல மறைந்தன. பிறகு எபனேசர் கிடாரை வாங்கி, வேட்டியைச் சரிசெய்து, நிமிர்ந்து உட்கார்ந்தார். பள்ளிக்கூடத்தில் பல்லாண்டுகள் பாட்டு வாத்தியாராக இருந்தவர், விரல்களைச் சொன்னபடி கேட்க வைப்பவர். முதல் வரி முழுவதும் ஒரு வட்டும் தப்பவில்லை. வரி முடிந்தது. கையைத் தூக்கினார். பாடுகிறவன் மூச்சு வாங்கட்டும் என்று காத்திருந்தார். பாட்டு காத்திருக்கவில்லை. ஆரஞ்சு வட்டு தரையில் விழுந்தது இந்த இடத்தில்தான். அதைத் தொடர்ந்து ஒரு பச்சையும் ஒரு நீலமும் விழுந்தன. திரையிலிருந்த கூட்டம் ஊளையிட்டது.

“யாருலே அது?” என்று சுவிசேஷமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தார். “நம்ம வீட்டுக்குள்ள வந்து நம்மளையே கூவுதானுவ!”

“ஏட்டி, இந்தப் பாட்டுல பாடுதவன் எங்கன மூச்சு விடுதான்?” என்று எபனேசர் மகளைக் கேட்டார்.

“விடமாட்டான்ப்பா. அவன் பாட்டுக்குப் போய்க்கிட்டே இருப்பான்.”

“செத்துப்போவானே.”

தாஜ் முகம்மது குனிந்து நீல வட்டை விரலால் தொட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு மூச்சு நேரம் கழிந்தபின் அது கிடாரின் ஒரே ஒரு சுரத்தைக் கணீரென்று ஒலித்து அடங்கியது. பச்சையும் அப்படியே. எதைத் தொட்டாலும் ஒரு மூச்சு நின்றுதான் ஒலித்தது. சுவிசேஷமுத்து ஆட்டோக்காரரை நேராகப் பார்த்தார். “வே, நீரு இங்கன ஒண்ணும் பாக்கல.” தாஜ் முகம்மது தம்ளரைக் கீழே வைத்தார். “பாக்கல சார். காப்பிதான் குடிச்சேன்.”

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் மணமக்களின் பெயரை ஆலயத்தில் வாசித்து, தடை சொல்ல யாரேனும் உண்டா என்று குருவானவர் கேட்பது ஓலை வாசிப்பு எனப்படும். முதல் ஓலைக்கு யாரும் தடை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் எபனேசர் சாப்பிடுமுன் கிடாரை எடுத்தார். ஓர் ஊளைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு அதற்குப் பதில் சொல்லாமல் எழுந்துபோகிற ரத்தம் அவருக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் வாசித்தார். ஒவ்வொரு வரி முடிவிலும் அவரை அறியாமல் கை எழுந்தது. ஒவ்வொரு நாளும் வட்டுகள் விழுந்தன. சுத்தியலால் அடித்தால் உடையவில்லை, அடுப்பில் போட்டால் எரியவில்லை. சாரம்மாள் அரிசிப் பானையைக் காலிசெய்து அதில் நிரப்பினாள். கட்டிலடி நிரம்பியது. மகளுக்குச் சீராகக் கொடுப்பதற்கு மணமக்கள் பெயர் பின்னி வாங்கியிருந்த பத்தமடைப் பாயை விரித்து மிச்சத்தை மூடினாள். பல்லி ஓடினால் ஒலித்தது; காற்று அடித்தால் ஒலித்தது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வந்தவர் கூடத்தைத் தாண்டுமுன் துடைப்பத்தோடு முன்னே ஓடினாள். தாளம் தவறாத குடும்பம் என்று பேர் எடுத்த வீட்டில் தவறிய தாளம் குவியல் குவியலாகக் கிடந்தது. கண்ணால் பார்க்கலாம், கையால் எண்ணலாம்.

அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆலய நிர்வாகத்தைக் கவனிக்கும் சேகரக் கமிட்டியின் செயலாளர் ஞானசிகாமணி, மார்க்கெட்டில் பாத்திரக்கடை வைத்திருப்பவர், துபாயிலிருக்கும் சபையார் ஒருவர் அனுப்பிய கீபோர்டு ஒன்றை ஆலயத்தில் உறையோடு வைத்திருந்தார். பொத்தானை அமுக்கினால் அதுவே பாட்டையும் வாசித்து அதுவே தாளமும் போடும். ஆர்கனில் உட்கார ஆள் தேவையில்லை. எபனேசருக்குத் தாளம் தள்ளாடுகிறது என்று ஒரு சொல் கமிட்டியின் காதில் விழுந்தால் போதும். ஜெமிமாவின் கல்யாணத்துக்கே உறையைக் கழற்றிவிடுவார். ஜெமிமா தன் பெரியப்பாவிடம் தெளிவாகச் சொல்லியிருந்தாள். “மிசினு வாசிச்சு நான் நடக்கமாட்டேன் பெரியப்பா. அப்பா அங்கன இல்லன்னா நான் வாசப்படியிலயே நின்னுக்கிடுதேன்.”

ஆகவே சுவிசேஷமுத்து வட்டுகளைச் சாக்குகளில் கட்டி, தாஜ் முகம்மதுவின் ஆட்டோவில் ஏற்றி, குறுக்குத்துறைக்குக் கொண்டுபோய்த் தாமிரபரணியில் கொட்டினார். பட்டப்பகலில் கொட்டினார், ஒளிந்து செய்வது அவருக்குப் பழக்கமில்லை. ஆற்றில் நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வட்டுகள் மூழ்கவில்லை. பச்சையும் சிவப்பும் மஞ்சளும் நீலமும் ஆரஞ்சுமாக வரிசை பிடித்து, கொக்கிரகுளம் பாலத்துக்கு அடியில் நுழைந்து, சீவலப்பேரி தாண்டி ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வரை மிதந்தன. வழியில் கல்லில் மோதின இடமெல்லாம் ஒரு மூச்சு நின்று ஒலித்தன. துவைத்துக்கொண்டிருந்தவர்கள், எருமை குளிப்பாட்டியவர்கள், மோட்டார் அறையில் இருந்தவர்கள் எல்லோரும் எடுத்துத் தட்டிப் பார்த்தார்கள். அவர்களில் எபனேசர் வேலைபார்த்த பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நிறைய. காலை வணக்கப் பாட்டுக்கு எபனேசர் கை தூக்கி நிற்பதைச் சிறுவயது முழுக்கக் கேட்டவர்கள். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று வேறுபாடு இல்லாமல் ஒவ்வொருவரும் அந்த ஒரு மூச்சுக் காத்திருப்பை அடையாளம் கண்டார்கள். மறுநாள் முதல் மரியாதையோடு கொண்டுவந்து கொடுக்கத் தொடங்கினார்கள். “சார் வீட்டுதுதானே, ஆத்துல வந்துச்சு” என்று வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். கொட்டியதில் பெரும்பகுதி வந்துசேர்ந்தது.

இரண்டாம் ஓலைக்கு முந்தின நாள் ஞானசிகாமணியும் வந்தார். கடையிலிருந்து எடுத்துவந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியைத் திறந்து ஒரு மஞ்சள் வட்டை மேசைமேல் வைத்தார்.

“என்னவே எபனேசர், உம்ம தாளம் சீவலப்பேரி வரைக்கும் மெதந்து போயிருக்காமே.”

“அது வெளையாட்டுச் சாமான் அண்ணாச்சி. மாப்பிள்ளை அனுப்புனது” என்றாள் சாரம்மாள்.

“வெளையாட்டோ வெனையோ. வரி முடிஞ்சா நிக்கியளே, எதுக்கு? இந்தக் காலத்துல யாருக்குக் காய்ச்சல் அடிக்கி? மூணாவது ஓலைக்கு நான் முன் பெஞ்சுல இருப்பேன். சாத்தான்குளத்துக்காரவியளும் வருதாவ. ஒரு எடம் நின்னாலும் சரி, கல்யாணத்துக்குக் கீபோர்டுதான். பொறவு என்னைச் சொல்லாதிய.”

“எங்க பூட்டனாரு காலத்துல உங்க பூட்டனாரு மூச்சு முட்டி பெஞ்சுல சாஞ்சாவ. எங்க பூட்டனாரு நின்னதால எந்திரிச்சாவ” என்றார் சுவிசேஷமுத்து.

“எந்திரிச்சாவல்லா. இனி ஓட வேண்டியதுதான்” என்று சொல்லி ஞானசிகாமணி தூக்குச்சட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டாம் ஓலையும் தடையின்றி வாசிக்கப்பட்டது. அன்று எபனேசர் வழக்கம்போல் காத்திருந்தே வாசித்தார்; ஞானசிகாமணி முன் பெஞ்சிலிருந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அன்று மத்தியானம் தொடங்கி எபனேசர் தம்மைத் திருத்திக்கொள்ளும் வேலையில் இறங்கினார். விருதா வேலை அல்ல அது. வரி முடியும்போது கை தூக்குவது கையின் பிழை அல்ல, மூச்சின் பிழை என்பதை அவர் கண்டுகொண்டிருந்தார். பாடுகிறவர் யாராக இருந்தாலும் அவரோடு சேர்ந்தே எபனேசரும் மூச்சுவிட்டார். பாடுகிறவருக்கு மூச்சு தேவைப்பட்ட இடத்தில் எபனேசரின் கை எழுந்தது. ஆகவே அவர் மூச்சை அடக்கிக்கொண்டு வாசிக்கப் பழகினார். ஜெமிமா பக்கத்தில் உட்கார்ந்து, “நிக்காதீங்கப்பா, போங்க, போங்க” என்று ஆட்டோவுக்குப் பின்னால் நின்று தள்ளுகிறவளைப் போலச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எபனேசரின் முகம் கன்றிச் சிவந்தது. இரண்டு முறை தலைசுற்றி நாற்காலியைப் பிடித்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தானியேலின் தொகுப்பிலேயே நீளமான பாட்டு முதலிலிருந்து கடைசிவரை ஓடி முடிந்தது. ஒரு வட்டும் விழவில்லை. திரையிலிருந்த கூட்டம் கைகளை உயர்த்தி ஆர்ப்பரித்தது. சுவிசேஷமுத்து தலையை ஒருமுறை அசைத்து அந்த மரியாதையை ஏற்றுக்கொண்டார். சாரம்மாள் துடைப்பத்தை மூலையில் சாய்த்துவிட்டு, பல நாளுக்குப் பிறகு படுத்த உடனே தூங்கினாள். எபனேசர் மட்டும் வெறுந்தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் ஓலைக்குச் சாத்தான்குளத்திலிருந்து ஒரு வேன் நிறைய வந்தார்கள். தானியேலின் தாயார் தங்கபுஷ்பம் பட்டுப்புடவையில் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். ஆலயம் நிறைந்திருந்தது. எபனேசர் மூச்சை அடக்கி முதல் ஞானப்பாட்டைத் தொடங்கினார். வரி முடிந்தது, கை எழவில்லை, அடுத்த வரி பிறந்துவிட்டது. சபையார் ஒரு கணம் திகைத்து, பிறகு துரத்திக்கொண்டு ஓடினார்கள். இளவட்டங்கள் பிடித்துவிட்டார்கள். மற்றவர்களுக்கு வரியின் கடைசிச் சொற்கள் வாயிலிருந்து வெளிவர நேரமில்லாமல் போயிற்று. அந்தச் சொற்கள் விழுந்தன. அவற்றுக்கு நிறம் இல்லை. புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரியவை. முதலில் கடைசி பெஞ்சில் உதிர்ந்தன, பிறகு நடு பெஞ்சுகளில், மூன்றாம் சரணத்தில் ஆலயம் முழுக்கப் பெஞ்சுகளுக்கு அடியில் சடசடவென்று சத்தம் கேட்டது. தங்கபுஷ்பத்தின் ஆமென் அவள் காலின்மேலேயே விழுந்து, சற்று வலித்தது. குருவானவர் பிரசங்க மேடையிலிருந்து இறங்கும்போது சறுக்காமலிருக்கப் படிக்கட்டின் பிடியைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஓலையை வாசித்து, தடை சொல்ல யாரேனும் உண்டா என்று கேட்டார். சொல்ல விரும்பியவர்கள் இருந்திருக்கலாம். யாரிடமும் மூச்சு இல்லை.

ஆர்கனுக்கு மேலே, பின்னால் நடப்பதைப் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். ஆராதனை முடிந்து எல்லோரும் எழுந்தபோது எபனேசர் அதில் பார்த்தார். கடைசி பெஞ்சில் வயதான தம்பதி ஒன்று தரையில் குந்தி உட்கார்ந்திருந்தது. கிழவர் தம்முடைய சொற்களைத் தேடித்தேடிக் கைக்குட்டையில் போட்டுக்கொண்டிருந்தார். கிழவி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, “இது உங்களுதா என்னுதா?” என்று கேட்டாள். ஞானசிகாமணி கைகளைத் தேய்த்துக்கொண்டு ஆர்கன் பக்கம் வந்தார். “சுத்தம்வே! மிசினு தோத்துச்சு. கல்யாணத்துக்கும் இப்பிடியே ஓட்டிரும். பக்கத்துல கீபோர்டு இருக்கும், சும்மா ஒரு பாதுகாப்புக்கு.” அவர் குரலும் கொஞ்சம் கம்மியிருந்தது. அவருடைய சொற்கள் சிலவும் முன் பெஞ்சுக்கு அடியில் கிடந்தன, அவர் குனியவில்லை.

அந்த வாரம் எபனேசர் கிடாரைத் தொடவில்லை. கல்யாண வீட்டில் நடக்க வேண்டியவை நடந்தன. பந்தல்காரர் வந்தார், சமையலுக்கு ஆள் பேசினார்கள், உறவினர்கள் கட்டிலடியில் தட்டுப்பட்ட வட்டுகளில் கால் இடறிச் சுரம் எழுப்பினார்கள், யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. எபனேசர் தட்டின் முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் எழுந்தார். சாரம்மாள் இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: “நின்னா எடம் போவும். நிக்காட்டி அந்தச் சனத்துக்குப் பாட்டு போவும். ரெண்டுல எதுன்னு நீங்கதான் சொல்லணும், என்னால சொல்ல முடியாது. சோறு ஆறுது.” அவர் தட்டைத் தம் பக்கம் இழுத்தார். சாப்பிட்டார்.

கல்யாணத்தன்று ஜெமிமா பெரியப்பாவின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் வந்தாள். எபனேசர் ஆர்கனில் இருந்தார். வலப்பக்கத்தில் உறை கழற்றிய கீபோர்டு. அதன் முன்னால், விரலைப் பொத்தானுக்கு மேலே வைத்தபடி ஞானசிகாமணி. பெண் நடந்துவரும் இசையில் வரி இல்லை. அது நல்லபடியாக நடந்தது. ஜெமிமா பலிபீடத்துக்கு முன்னால் போய்த் தானியேலின் பக்கத்தில் நின்றாள். அடுத்து ஞானப்பாட்டு. சபை எழுந்தது. பலர் முந்தின வாரத்தை நினைத்து இப்போதே ஆழமாக மூச்சு இழுத்து வைத்துக்கொண்டார்கள். தங்கபுஷ்பம் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். எபனேசர் முதல் வரியை வாசித்தார். வரி முடிந்தது. கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். கையைத் தூக்கினார்.

பலிபீடத்தருகே ஜெமிமாவின் முதுகு விறைத்தது. சுவிசேஷமுத்து நேராக முன்னால் பார்த்தபடி நின்றார். ஞானசிகாமணி பொத்தானை அமுக்க விரலை இறக்கப் போனார். கூடவே, “நிறுத்தும்வே” என்று சொல்ல வாயைத் திறந்தார். சொல்வதற்கு மூச்சு வேண்டும், ஆகவே இழுத்தார். அவர் இழுத்த அதே நேரம் அவருக்குப் பின்னால் இருந்த எல்லோரும் இழுத்தார்கள். அந்தச் சத்தம் ஆலயத்து ஓடுகளைச் சற்று அசைத்தது. எபனேசரின் கை இறங்கியது. அடுத்த வரி பிறந்தது. ஞானசிகாமணியின் வாய் திறந்திருந்தது, நெஞ்சில் மூச்சு நிறைந்திருந்தது, சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் செய்ததையே செய்தார்: பாடினார். அவருக்கு நல்ல கனத்த குரல். விரல் பொத்தானுக்கு மேலேயே நின்றது; அடுத்த வரி முடிவில், எபனேசரின் கை எழுந்தபோது அதுவும் எழுந்தது. எல்லாச் சரணங்களும் பாடி முடிந்தன. கடைசி பெஞ்சு வரைக்கும் ஒரு சொல்லும் கீழே விழவில்லை. அசனப் பந்தியில் ஆட்டுக்கறிக் குழம்பு பரிமாறப்பட்டபோது ஞானசிகாமணி எபனேசரின் பக்கத்து இலையில் உட்கார்ந்து, “சோறு நல்லா வெந்திருக்கு” என்றார். கீபோர்டைப் பற்றி அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அது இப்போது ஞாயிறு பள்ளியில் இருக்கிறது.

இது நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. ஜெமிமாவும் தானியேலும் பெங்களூரில் இருக்கிறார்கள். தானியேல் புதிது புதிதாகப் பாட்டுகளைச் சேர்த்து அனுப்புகிறான். வட்டுகள் இன்று தெருவில் அனேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. ஆடும் கட்டில்களுக்கு முட்டுக் கொடுக்கவும், ஊறுகாய் ஜாடிக்குப் பாரமாகவும் வைத்திருக்கிறார்கள். தாஜ் முகம்மது ஒரு சிவப்பை ஹாரனாகப் பொருத்தியிருக்கிறார். அது ஒலிப்பதற்குள் மாடு விலகிவிடுகிறது என்று அவருக்கு அதில் திருப்தி. மூன்றாம் ஓலையன்று ஆலயத்தில் உதிர்ந்த சொற்கள் அந்தந்த ஆட்களிடம் சேர்க்கப்பட்டன. தங்கபுஷ்பம் தன் ஆமெனைச் சாத்தான்குளத்துக்கு எடுத்துப்போனாள்.

எபனேசர் அந்த விளையாட்டில் தேர்ந்துவிட்டார், இப்போதெல்லாம் அவர் வீட்டில் எதுவும் விழுவதில்லை என்று முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அது உண்மையல்ல. நேற்றுச் சாயங்காலமும் விழுந்தன.